ஆறாத புண்ணும் தேதி இல்லாத சீட்டும்

கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். பக்கத்திலேயே கூரான கடைவாய்ப்பல் ஒன்று உரசிக்கொண்டிருக்கிறது. பல் மருத்துவர் பார்க்கிறார், பல்லின் முனையை ராவிவிடுகிறார், தடவிக்கொள்ள ஒரு ஜெல்லும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் எழுதுகிறார். “காரத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.” ஒரு மாதம் கழித்து அதே புண்ணோடு அதே நாற்காலி. இந்த முறை வேறு ஜெல். நான்காவது மாதம் தாடைக்குக் கீழே கட்டி தட்டுப்படுகிறது, வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க மறுக்கிறது. யாரோ சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் சதை எடுத்துச் சோதிக்கிறார்கள். புற்றுநோய்.

இது யாரோ ஒருவருடைய கதை அல்ல, விளக்கத்துக்காக நான் கோர்த்தது. ஆனால் வாய்ப்புற்றுநோய் பற்றிப் பேச்செடுத்தால் இதன் ஏதோ ஒரு வடிவம் எப்படியும் காதில் விழும். குடும்பம் கேட்கும் கேள்வியும் ஒன்றேதான்: “முதல் நாளே சொல்லியிருந்தா?”

இந்த ஒற்றைக் கேள்வியைச் சட்டம் இரண்டாகப் பிளக்கிறது. அவர் சொல்லியிருக்க வேண்டுமா என்பது ஒன்று. சொல்லியிருந்தால் என்ன மாறியிருக்கும் என்பது இன்னொன்று. கோபம் முழுக்க முதல் கேள்வியில்தான் இருக்கும். வழக்கு சறுக்குவதோ பெரும்பாலும் இரண்டாவதில்.

கண்ணுக்குத் தெரியும் நோய்

கணையத்திலோ கருப்பையிலோ வளரும் கட்டியை மருத்துவர் தவறவிட்டால், உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்க இடமிருக்கிறது. வாய் அப்படி அல்ல. விளக்கடித்தால் தெரியும், விரலால் தொட்டால் கடினம் புரியும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் அந்த ஆண்டு உதடு, வாய்ப் புற்றுநோய் சுமார் 3.9 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது. அதில் 1.4 லட்சத்துக்கு மேல் இந்தியாவில் மட்டும். புகையிலை ஒரு காரணம், பாக்கு இன்னொன்று. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று அதே முகமை 2004லேயே வகைப்படுத்திவிட்டது. இங்கே பெரும்பாலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறை ஒட்டியும்தான் நோய் ஆரம்பிக்கிறது. பல் மருத்துவர் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்கும் அதே இடம்.

இதில் கேரளத்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996இல் தொடங்கியது. 13 ஊராட்சிப் பகுதிகள், 35 வயதைத் தாண்டிய சுமார் 1.9 லட்சம் பேர். அவற்றில் ஏழு பகுதிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்ல, பட்டப்படிப்பு முடித்துவிட்டு இந்த வேலைக்காகப் பயிற்சி எடுத்தவர்கள். 2005இல் முடிவு வந்தபோது, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு மற்றப் பகுதிகளைவிட 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த வேலைக்கு மட்டும் பயிற்சி பெற்றவர் கண்டுபிடிக்கக்கூடிய ஒன்றை ஐந்து வருடம் பல் மருத்துவம் படித்தவர் காணவில்லை என்றால் விளக்கம் கேட்பது நியாயம்தான். ஆனால் விளக்கம் கேட்பதும் வழக்கில் ஜெயிப்பதும் வேறுவேறு.

தவறு வேறு, கவனக்குறைவு வேறு

மருத்துவர் தவறாகக் கணித்தார் என்பதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. 1957இல் இங்கிலாந்தில் வந்த போலம் தீர்ப்பின் அளவுகோலைத்தான் நம் உச்ச நீதிமன்றமும் 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் ஏற்றுக்கொண்டது. அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர், அந்தச் சூழ்நிலையில், செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா? மிகச் சிறந்த நிபுணரோடு யாரும் ஒப்பிட மாட்டார்கள். பின்னால் தெரிந்ததை வைத்து முன்னால் நடந்ததை எடை போடவும் கூடாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மேலே சொன்ன கதையில் முதல் சந்திப்பில் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. கூரான பல் பக்கத்தில் இருக்கிறது, புண் இருக்கிறது, பல்லை ராவிவிட்டார். பாடப்புத்தகம் சொல்வதும் அதைத்தான்: உறுத்துகிற காரணத்தை முதலில் நீக்கு. அந்தப் பாடம் அதோடு முடியவில்லை. காரணத்தை நீக்கியும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைச் சந்தேகிக்க வேண்டும், சதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் மறுபாதி. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில் இது மூன்று வாரம். அங்கே, காரணம் புரியாமல் மூன்று வாரத்துக்கு மேல் வாய்ப்புண் நீடித்தால் புற்றுநோய்ப் பிரிவுக்கு அவசரமாக அனுப்பச் சொல்கிறார்கள். இரண்டு வாரமோ மூன்று வாரமோ, நான்கு மாதம் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

அதனால் வழக்கு நிற்கும் இடம் இரண்டாவது சந்திப்பு. ‘இரண்டு வாரம் கழித்துக் கட்டாயம் வாருங்கள்’ என்று சொன்னாரா? சொன்னதைச் சீட்டில் எழுதினாரா? திரும்பி வந்தபோது ஜெல்லை மாற்றினாரா, ஆளை மேல்சிகிச்சைக்கு அனுப்பினாரா? ஹான்ஸ் போடுவீர்களா, வெற்றிலை பாக்கு உண்டா என்று ஒரு தடவையாவது கேட்டாரா? நம்மூரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாயைப் பார்ப்பதை என்னால் சாதாரணத் திறமை என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதைவிட வெளிப்படையான தவறுகளும் உண்டு. சதை வளர்ந்திருக்கும் இடத்தில் ஆடும் பல்லை, ஈறு நோய் என்று நினைத்துப் பிடுங்கிவிடுவது. பிடுங்கிய குழி மாதக்கணக்கில் மூடாதபோதும் மறுபடி மறுபடி ஆன்டிபயாடிக் எழுதுவது. உதடு மரத்துப்போயிருக்கிறது என்று நோயாளி சொல்லியும் எக்ஸ்ரே எடுக்காமல் விடுவது. வெண்படலம், அதைவிட ஆபத்தான செம்படலம், பாக்குப் போடுபவர்களுக்கு வாய் இறுகிப்போவது ஆகிய மூன்றும் புற்றுநோய்க்கு முந்தைய நிலைகள் என்பது இங்கே பல் மருத்துவ மாணவருக்குத் தேர்வில் வரும் பாடம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நாக்கின் அடிவேர், டான்சில் பகுதி போன்றவை பல் மருத்துவரின் கண்ணாடியில் சரியாகத் தெரியாது. எடுத்த சதைத்துண்டில் நோயில்லை என்று தவறாக முடிவு வருவதும் உண்டு. வரச் சொல்லியும் நோயாளி வராமல் போனால் அந்தத் தாமதம் மருத்துவர் கணக்கில் சேராது. இதில் எதையும் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது.

தாமதம் எதைப் பறித்தது

சரி, கவனக்குறைவு நிரூபணமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அடுத்து எழுந்து கேட்கப்போவது இது: “முதல் நாளே கண்டுபிடித்திருந்தாலும் அறுவையும் கதிரியக்கமும் தேவைப்பட்டிருக்கும். என் கட்சிக்காரரால் உங்களுக்கு என்ன நஷ்டம்?”

கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கிறது, ஆனால் சட்டப்படி சரியான கேள்வி. இதை அதன் எல்லை வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்த வழக்கு இங்கிலாந்தின் கிரெக் எதிர் ஸ்காட். அக்குளுக்குக் கீழே கட்டியோடு போனவரிடம் அது வெறும் கொழுப்புக்கட்டி என்று குடும்ப மருத்துவர் சொல்லிவிட்டார். உண்மையில் அது நிணநீர்ப் புற்றுநோய். ஒன்பது மாதத் தாமதம். அந்தத் தாமதத்தால் பத்து வருடம் நோயில்லாமல் வாழும் வாய்ப்பு 42 சதவீதத்திலிருந்து 25ஆக இறங்கியது என்று கணக்கிட்டார்கள். மருத்துவர் கவனக்குறைவாக நடந்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் 2005இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நோயாளிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காரணம், முதல் நாளிலேயே அவருடைய வாய்ப்பு 50க்குக் கீழே இருந்தது. பாதிக்கு மேல் வாய்ப்பிருந்து அது பறிபோயிருந்தால்தான் ‘இந்தத் தவறால் இழந்தார்’ என்று சொல்ல முடியும் என்றது பெரும்பான்மை. தீர்ப்பு வந்த நாளில் அந்த மனிதர் உயிரோடு இருந்தார் என்பது இந்தக் கணக்கையே கேலி செய்தது போல.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1983இல் நேர் எதிராகப் போனது. நுரையீரல் புற்றுநோய் ஒன்றைத் தாமதமாகக் கண்டுபிடித்ததில் பிழைக்கும் வாய்ப்பு 39 சதவீதத்திலிருந்து 25ஆகக் குறைந்திருந்தது. பாதிக்குக் கீழே இருந்த வாய்ப்பானாலும் அதைக் குறைத்ததற்குப் பொறுப்புக் கேட்கலாம் என்றது அந்த நீதிமன்றம். எனக்கு இதுதான் மனித அறிவுக்கு ஒத்துவருகிறது. சாகப்போகிறவரிடமிருந்து திருடினால் திருட்டு இல்லை என்றாகிவிடாதே.

வாய்ப்புற்றுநோயை இந்தக் கணக்கில் பொருத்திப் பார்த்தால் நோயாளிக்குச் சாதகமான ஒன்று தெரிகிறது. இரண்டு சென்டிமீட்டருக்குள், ஆழம் ஐந்து மில்லிமீட்டருக்குள், கழுத்து முடிச்சுகளுக்குப் பரவாமல் இருந்தால் அது முதல் நிலை. அந்த நிலையில் பிழைக்கும் வாய்ப்பு பாதிக்கு வெகு மேலே. கழுத்தில் நிணநீர் முடிச்சுக்குப் பரவிவிட்டால் அந்த வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது தலை, கழுத்துப் புற்றுநோய் மருத்துவர்களிடையே பழகிப்போன கணக்கு. ஆகவே சிறிய புண்ணாகப் பார்த்தது கழுத்துக் கட்டியாக வளரும் வரை விட்டால், 50 என்ற கோட்டைத் தாண்டிக் கீழே விழுவதைக் காட்டுவது இங்கே சாத்தியம். முதல் முறை பார்த்தபோதே புண் பெரிதாக இருந்து எலும்பையும் தொட்டிருந்தால் அதே வாதம் பலவீனமாகிவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. உயிர் பிழைத்திருப்பாரா என்று வாதாடுவதைவிடத் தாடை தப்பியிருக்குமா என்று வாதாடுவது எளிது. முதல் நிலையில் பலருக்கு அறுவை மட்டுமே போதும். முற்றிய நிலையில் தாடையெலும்பின் ஒரு பகுதியை எடுத்து, காலிலிருந்தோ மார்பிலிருந்தோ சதை கொண்டுவந்து தைத்து, அதற்கு மேல் கதிரியக்கம், சிலருக்குக் கீமோவும். உமிழ்நீர் வற்றுகிறது, சோறு விழுங்க முடிவதில்லை, பேச்சு குழறுகிறது. நோயாளி இன்று உயிரோடு இருந்தாலும் இந்த இழப்பு இழப்புதான். சிகிச்சை எப்படிக் கூடியது என்று மருத்துவமனைப் பதிவுகளை வைத்தே காட்டலாம், சதவீதக் கணக்குக்குப் போக வேண்டியதில்லை. புகார் எழுதும்போது இதை முன்னால் வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

சீட்டு எங்கே

இவ்வளவும் பேசிவிட்டுக் காகிதத்துக்கு வந்தால் அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தெருமுனை கிளினிக்கில் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, மருந்துக் கம்பெனி கொடுத்த குறிப்புத் தாளில் இரண்டு வரி கிறுக்கிக் கொடுப்பார்கள். தேதி இருந்தால் அதிர்ஷ்டம். பல் மருத்துவர்களுக்கான 2014ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், சிகிச்சைப் பதிவுகளைக் குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன. அதனால் சண்டைக்குப் போகும் முன் பதிவுகளை எழுத்தில் கேட்டு வாங்குவதே முதல் வேலை. பதிவுத் தபாலில் கேட்டால் கேட்டதற்கும் சாட்சி இருக்கும்.

அவர்களிடம் ஒன்றுமில்லை என்றால் நம் பக்கத்தில் தேட வேண்டும். மருந்துக்கடை பில்லில் தேதியும் ஜெல்லின் பெயரும் இருக்கும். ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் எந்த நாள், எவ்வளவு, யாருக்கு என்று மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். கட்டணம் வாங்கிய சேவை என்பதற்கும் அதுவே ஆதாரம். வாட்ஸ்அப்பில் ‘நாளை 6 மணிக்கு வாங்க’ என்று வந்த செய்தியும் உதவும். புண்ணைக் கண்ணாடிமுன் நின்று எடுத்த போன் படம் இருந்தால் அதை அழிக்காமல், அதே போனில் வைத்திருக்க வேண்டும். சதைப் பரிசோதனைக்கு எடுத்த துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் ஸ்லைடும் ஆய்வகத்தில் இருக்கும், வேறொரு நிபுணரிடம் மறுபடி காட்ட அவை தேவைப்படலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. புற்றுநோய் மருத்துவமனையில் சேரும் அன்று பயிற்சி மருத்துவர் ஒருவர் “எவ்வளவு நாளா இருக்கு?” என்று கேட்டு எழுதிக்கொள்வார். பயத்தில், அவசரத்தில், கூட வந்த மைத்துனர் “ஒரு வருஷம் இருக்கும் சார்” என்று சொல்லிவிட்டால் அந்த ஒரு வரி கடைசி வரை விடாது. பல் மருத்துவரைப் பார்த்ததே நான்கு மாதத்துக்கு முன்புதான், அதற்கு முன் எட்டு மாதம் நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்று ஆகிவிடும். அதே தாளில் ‘பல் மருத்துவரிடம் நான்கு மாதமாகச் சிகிச்சை’ என்று இருந்தால் நம் பக்கத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வழக்கு என்ற நினைப்பே இல்லாத நேரத்தில் எழுதப்பட்டது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

நிபுணர் கருத்து வேண்டுமா என்பதில் உச்ச நீதிமன்றமே இரு விதமாகப் பேசியிருக்கிறது. 2009இல் ஓர் அமர்வு, மருத்துவருக்கு நோட்டீஸ் அனுப்பும் முன்பே நிபுணர் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது. 2010இல் கிஷன் ராவ் வழக்கில் இன்னோர் அமர்வு, எல்லா வழக்குக்கும் அது தேவையில்லை என்றது. பார்த்தவுடன் புரியும் தவறுக்கு நிபுணர் தேவையில்லை என்பது சரி. தாமதத்தால் நோய் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போனது என்று சொல்ல மட்டும் நிபுணர் வேண்டியிருக்கும். சக மருத்துவருக்கு எதிராக எழுதித்தர யாரும் முன்வர மாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். வேறு ஊரில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

எந்தக் கதவைத் தட்டுவது

பணம் கொடுத்துச் சிகிச்சை பெற்றவருக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் எளிய வழி. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் சொன்னது. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் தனியாக இல்லை என்று மருத்துவர்கள் தரப்பில் வாதிட்டுப் பார்த்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் 2021இல் அதை ஏற்கவில்லை, 2022இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. புதிய சட்டத்தில் எந்த ஆணையத்துக்குப் போவது என்பதைக் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவு செய்வதில்லை, கொடுத்த கட்டணத்தை வைத்துத்தான். 300 ரூபாய் கொடுத்தவர் கோடி ரூபாய் கேட்டாலும் மாவட்ட ஆணையமே போதும். கட்டணம் 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை.

அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் இலவசம் என்ற நிலையில் சிகிச்சை பெற்றவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கும். பெயருக்கு வாங்கும் பதிவுக் கட்டணம் கணக்கில் வராது என்றும் சாந்தா தீர்ப்பு சொல்கிறது. அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும். தனியார் பல் மருத்துவக் கல்லூரி வேறு கதை. அங்கே சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்த்தால், இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோரே. மாணவர் பார்த்தார் என்று கல்லூரி கையைக் கழுவ முடியாது.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் காலக்கெடு இரண்டு வருடம். எந்த நாளிலிருந்து? தவறு நடந்த நாளா, தெரியவந்த நாளா? வயிற்றில் வைத்துத் தைக்கப்பட்ட துணி பல வருடம் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு வழக்கில், நோயாளிக்குத் தெரிய வழியில்லாத தவறென்றால் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியது. ஆனால் அந்த வழக்கையே தள்ளுபடி செய்தது. மனுதாரர் செவிலியர், இத்தனை வருட வலியின் காரணத்தை முன்பே தேடியிருக்க வேண்டும் என்பது காரணம். ஆகவே சதைப் பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்தாவது நாட்காட்டியை எண்ணத் தொடங்கிவிட வேண்டும். கதிரியக்கம் முடியட்டும், உடம்பு தேறட்டும் என்று இருந்தால் ஒரு வருடம் தானாக ஓடிவிடும்.

பணம் வேண்டாம், இன்னொருவருக்கு இப்படி நடக்கக் கூடாது என்பவர்கள் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அங்கே இருக்கிறது, இழப்பீடு தரும் அதிகாரம் இல்லை. போலீஸ் புகார் என்பது மிகக் குறுகிய பாதை. ஜேக்கப் மாத்யூ தீர்ப்பின்படி மிகக் கடுமையான கவனக்குறைவாக இருந்தாலொழியக் குற்ற வழக்கு நிற்காது. சுதந்திரமான மருத்துவக் கருத்து இல்லாமல் போலீஸ் நடவடிக்கை எடுக்கக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து வருடம் வரை சிறை என்கிறது, பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு வருடம் வரை. அந்தச் சலுகையில் வரும் மருத்துவர் யார் என்ற விளக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவர் மட்டுமே இருக்கிறார். பல் மருத்துவர்கள் பதிவு செய்வது வேறு சட்டத்தில். எழுத்தின்படி பார்த்தால் இந்தச் சலுகை அவர்களுக்கு இல்லை. வேண்டுமென்றே விட்டார்களா, மறந்தே போனார்களா, தெரியாது.

நுகர்வோர் வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் வருடங்கள் ஆகும். முற்றிய வாய்ப்புற்றுநோய் அத்தனை வருடம் காத்திருக்காது. புகார்தாரர் இறந்துவிட்டால் வாரிசுகள் வழக்கைத் தொடரலாம், சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மருத்துவர் சொன்னதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அதனால் எந்தெந்தத் தேதியில் போனார், என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தார்கள் என்பதையெல்லாம் பிரமாண வாக்குமூலமாக எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவது நல்லது. நாக்கிலோ தாடையிலோ அறுவை என்று தேதி குறித்துவிட்டார்கள் என்றால், அந்தத் தேதிக்கு முன்பே.